பி. ஜே. ராக்கீட் முனை

அண்டார்டிகாவில் ஒரு முனைக்குப் பெயர் வைத்தவள் நான்தான் என்று எனக்குச் சொன்னவன் என் அண்ணன் ஜெரோம். அவன் அண்டார்டிகாவுக்குப் போனவனில்லை. கேளம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன்.

போனவள் நான். காற்றையும் குளிரையும் அளந்து எழுதுவது என் வேலை. போன மார்கழியில் கிளம்பி, அங்கே கோடை முடிந்ததும் பங்குனியில் திரும்பினேன். வரும் மார்கழிக்கும் போக வேண்டும் என்று கேட்டிருந்தேன். குழுவில் என் பெயரும் இருந்தது. ஒரு தடையில்லாச் சான்று மட்டும் பாக்கி. அதைத் தர வேண்டியது துருவப் பெயராய்வு வாரியம். அப்படி ஒன்று இருப்பதே அவர்களுடைய அழைப்பு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பி. ஜே. ராக்கீட் முனையை நேரில் கண்டவர் என்ற முறையில் அப்பெயரின் தோற்றம் பற்றி நான் சாட்சியம் அளிக்க வேண்டுமாம். சாட்சியம் திருப்தி தந்தால் சான்று கிடைக்குமாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து என் வீட்டுக்கு வந்திருந்த ஜெரோம் அந்த அழைப்பைக் கையில் எடுத்தான். அவன் எதையும் வாய்விட்டுத்தான் படிப்பான்.

"பி... ஜே... ராக்... கீட்டு." நிறுத்தினான். கொஞ்சம் வேகமாக மறுபடி சொல்லிப் பார்த்தான். "பிஜேராக்கீட்டு. பேஜாராக்கீது." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "ஏய் ரூத்து! பேஜாரா கீது! இத்தப் போயி எவன்மே பேரா வெச்சான்?"

சித்திரை வெயிலில் என் உள்ளங்கை சில்லிட்டது. அந்த இடத்தின் குளிர் அப்படியே திரும்பி வந்தது.

அன்று எங்கள் பனி வண்டி ஒரு கரும்பாறை முனையின் அடியில் புதைந்து நின்றுவிட்டது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறை. வரைபடத்தில் பெயர் கிடையாது. நான் நட்டு வைத்த காற்றுமானி ஒடிந்து விழுந்தது. ஒரு கையுறையைக் காற்று கொண்டுபோயிற்று. முழங்கால் வரை பனி. அப்போது வயர்லெஸ்ஸில் நிலையத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். போபால்காரர், வேலைக்குப் புதிது. "லொகேஷன் நேம்? லொகேஷன் நேம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். அவருக்குச் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா என்று தெரியாது. வாயில் வந்தது இதுதான்: "பேஜாரா கீது."

"பி. ஜே. ராக்கீட். காப்பி," என்றார் அவர்.

ஏதோ இந்தியில் ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து, "ஓகே" என்றேன்.

மாலையில் நிலையத்துக்குத் திரும்பியபோது வரைபடத்தில் அந்தப் பெயர் ஏறியிருந்தது. "ஏதோ பழைய வெள்ளைக்காரன் பேரா இருக்கும்," என்றார் எங்கள் குழுத் தலைவர் பரணிதரன். நானும் அப்படித்தான் நம்பினேன். என் வாயிலிருந்து வந்த சொல் என் எதிரே வரைபடத்தில் கிடந்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். செங்கல்பட்டில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் நாள், "எங்க வூடு செய்யூராண்ட கீது" என்று சொன்னேன். அறைத்தோழி காயத்ரி கட்டிலில் புரண்டு சிரித்தாள். கெட்ட பெண் இல்லை. இன்னொரு முறை சொல்லேன் என்று கெஞ்சினாள். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கேயுமே சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் உள்ளேயே இஸ்திரி போட்டு மடித்துத்தான் வெளியே எடுப்பேன். வீட்டில்கூட. "டிவில நியூஸ் வாசிக்கிற மாரியே பேசிகினு கீற," என்று ஜெரோம் குறைபட்டுக்கொள்வான். ஆள் நடமாட்டமே இல்லாத ஓர் இடத்தில் ஒரே ஒரு முறை மடிப்புக் கலைந்திருக்கிறது. அதை உலக வரைபடத்தில் ஏற்றிவிட்டார்கள்.

நடந்ததைச் சொன்னதும் ஜெரோம் சிரித்த சிரிப்பில் அவனுக்கு விக்கலே வந்துவிட்டது.

"நா டெய்லி சொல்றன், தையூராண்ட டிராபிக்ல நின்னுகினு. அப்ப எனக்கு எத்தினி முனை வெக்கணும்?"

"சிரிக்காதே. நான் போய் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன்."

"சொல்லு. ஆனா இந்தப் பாஷைல சொல்லாத. நம்ப மாட்டானுங்க."

அவன் விளையாட்டாகச் சொன்னான். எனக்கு அன்று இரண்டு ஆசைகள் ஒன்றாகிவிட்டன. அங்கே திரும்பிப் போக வேண்டும். அந்தப் பாறைக்கு முன் நின்று, இந்த முறை தெரிந்தே, அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்.

வாரியம் ஓஎம்ஆரில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. வாசலிலேயே செயலாளர் பிரபாவதி எனக்கு ஒரு பனி ஜாக்கெட்டை நீட்டினார். துருவ விவகாரங்களைத் துருவ உடையில்தான் பேச வேண்டும் என்பது விதி. ஜாக்கெட் போட்டால் வியர்க்கும் என்பதால் ஏ.சி.யைப் பதினாறில் வைத்திருந்தார்கள். பதினாறில் குளிரும் என்பதால் ஜாக்கெட் அவசியம் என்று பிரபாவதி விளக்கினார்.

கூட்டம் தொடங்கும் முன் எல்லோரும் எழுந்து தெற்கு நோக்கி மௌனமாக நின்றார்கள். அந்தக் கட்டடத்தில் தெற்கே கழிப்பறை இருந்தது. கதவைத் திறந்து வெளியே வந்த ஓர் ஊழியர், அவ்வளவு பேர் தன்னை நோக்கி வணக்கத்துடன் நிற்பதைக் கண்டு அசையாமல் நின்றுவிட்டார். அவருக்குப் பழகியிருக்க வேண்டும். மௌனம் முடிந்த பிறகே கையைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் பார்த்தசாரதி கனிவானவர். "உட்காருங்கம்மா. நீங்க அங்க போயிட்டு வந்தவங்க. நாங்க யாரும் போனதில்ல. போனா ஒரு பாசம் வந்துடும் பாருங்க. அப்புறம் நடுநிலையா முடிவெடுக்க முடியாது. அதனாலதான் நான் மகாபலிபுரத்தைத் தாண்டித் தெற்கே போறதே கிடையாது."

நான் நடந்ததைச் சொன்னேன். பனி, காற்றுமானி, போபால்காரர், எல்லாவற்றையும்.

தலைவர் எழுதி வைத்திருந்த எதையோ அடித்தார்.

"அப்போ அந்தப் பேர் ஒரு ஆள் இல்ல. ஒரு புலம்பல். அப்படித்தானே சொல்றீங்க?"

"ஆமாம் சார்."

"எங்கே, அதைச் சொல்லிக் காட்டுங்க."

வாயைத் திறந்தேன். எல்லோரும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காயத்ரியின் கட்டில் ஞாபகம் வந்தது. சொல் தொண்டை வரை வந்தது. வரும் வழியிலேயே தானாக மடிந்துகொண்டது.

"மிகவும் சிரமமாக இருக்கிறது சார்," என்றேன்.

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இதுல பி எங்க இருக்கு? ஜே எங்க இருக்கு?" என்றார் தலைவர். குரலில் கோபமே இல்லை. "பாருங்கம்மா, நீங்க எவ்வளவு சுத்தமாத் தமிழ் பேசறீங்க. நீங்க போய் அப்படி ஒரு வார்த்தை பேசியிருப்பீங்களா? அந்த ஊர்க் குளிர்ல மனசு என்னென்னவோ நினைச்சுக்கும். ஒரு பேர் இருந்து, அதுக்கு ஆள் இல்லன்னா அது நிர்வாகக் குறைபாடு. குறைபாட்டை நாங்க சரி பண்ணிடுவோம். நீங்க கவலைப்படாதீங்க."

லிஃப்டில் கீழே இறங்கும்போது, நாலாவது மாடியைத் தாண்டியதும், "பேஜாரா கீது" என்று வந்தது. தெளிவாக, அலட்சியமாக, எங்கள் அம்மா வயலில் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துச் சொல்வதைப் போலவே வந்தது. லிஃப்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அதன் பிறகு வாரியம் வேலையில் இறங்கியது. பெயர் இருந்தால் இனிஷியலுக்கு விரிவு வேண்டும். விரிவு இல்லாத இனிஷியலை நம் நாட்டில் எந்தக் கவுண்ட்டரிலும் ஏற்றுக்கொள்வதில்லை. பி-க்கு ஒரு துணைக்குழு, ஜே-க்கு ஒரு துணைக்குழு அமைத்தார்கள். இரண்டு குழுக்களும் தனித்தனி வண்டிகளில் சதுரங்கப்பட்டினத்துக்குப் போய் டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்வையிட்டன. ஒரு கல்லில் பி கிடைத்தது. இன்னொரு கல்லில் ஜே கிடைத்தது. இருவரும் ஒரே ஆள்தான் என்று பெரும்பான்மை வாக்கில் முடிவானது. பீட்டர் ஜோஹன்னஸ் ராக்கீட், கப்பல் தலைவர். இரண்டு இடங்களில் புதைக்கப்பட்டவர் என்பதிலிருந்தே அவர் எவ்வளவு பயணம் செய்தவர் என்று தெரிகிறது என அறிக்கை சொன்னது.

மொழி உறுப்பினர் ஜானகிராமன் மட்டும் ஒப்பவில்லை. தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது, 'இராக்கீட்' என்றுதான் எழுத வேண்டும் என்றார். அந்த இகரம் ஆடி மாதம் முழுவதையும் விழுங்கியது. தமிழில் எழுதும்போது இகரம் உண்டு, படிக்கும்போது கிடையாது என்று சமரசமாயிற்று.

கப்பல் தலைவருக்குப் பிறந்த நாளும் வேண்டியிருந்தது. வாரியத்தில் கேக் வெட்டாத மாதமாகப் பார்த்து ஆவணியைக் கொடுத்தார்கள். அன்று எனக்கும் ஒரு துண்டு அனுப்பினார்கள். நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இதற்குள் ஊருக்கும் செய்தி போய்விட்டது. திருப்போரூரில் ராமதாஸ் என்பவர் பழைய வேர்க்கடலைக் கொல்லையில் கல் நட்டு, 'ராக்கீட் நகர்' என்று வளைவு கட்டினார். 'முனைக்கும் மனைக்கும் நடுவே கடல் மட்டுமே!' என்று ஜெரோமின் ஆட்டோ முதுகிலேயே விளம்பரம் ஒட்டினார்கள்.

"நடுவுல சிலோன் கீதேன்னு ராமதாஸாண்ட சொன்னன்," என்றான் ஜெரோம். "அது காம்பவுண்டு வாலு மாரின்னு நெனச்சிக்கோன்றான். இன்னா ஆளு பாரு."

நான் சிரிக்கவில்லை. பார்க்கும் இடமெல்லாம் என் சொல் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நின்றது. என்னைத் தெரியாதது போல நின்றது.

புரட்டாசியில் மாமல்லபுரம் கடற்கரையில் ராக்கீட்டின் சிலை திறப்பு. அதற்கு முந்தைய வாரம் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பி, மேடையில் நான் பேச வேண்டியதைக் கொடுத்தார். 'முனையில் நின்றபோது கப்பல் தலைவரின் வீரம் என் நினைவில் நிழலாடியது' என்று தொடங்கியது. அன்றே மேடையில் என் கையில் சான்றும் வந்துவிடும் என்றார்.

"இது உண்மை இல்லையே சார்."

"நினைவுலதானேம்மா நிழலாடுச்சு. நினைவுக்கு யார் சாட்சி?"

இரண்டு நாள் யோசித்தேன். எதிர்த்தால் நான் போக முடியாது. படித்துவிட்டால் போகலாம், போய், பாறைக்கு முன் நின்று, காற்றிடம் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். இங்கே ஒரு பொய், அங்கே ஓர் உண்மை. நியாயமான கணக்காகத்தான் பட்டது. படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சிலையைச் செய்தவர் துரை, அந்த ஊர்ச் சிற்பி. கப்பல் தலைவரின் முகம் யாருக்கும் தெரியாததால், வசதிக்காக வாரியத் தலைவரின் புகைப்படத்தையே கொடுத்திருந்தார்கள். மூக்கை மட்டும் கொஞ்சம் நீட்டச் சொல்லியிருந்தார்களாம். விழாவன்று வெள்ளைத் துணி போர்த்திய சிலைக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"மேடம், இந்த கேப்டனு இன்னாதான் பண்ணாரு?"

"ஒன்றுமே பண்ணவில்லை."

"அப்ப மூஞ்சி கரெக்டாத்தான் வந்துகீது," என்றார் நிம்மதியாக.

மழை வராமல் போக்குக் காட்டிய ஒரு புரட்டாசிப் பகல் அது. மணல் கொதித்தது. விதிப்படி மேடையில் எல்லோரும் பனி ஜாக்கெட் அணிந்திருந்தோம். கீழே மீனவக் குடும்பங்கள், பள்ளிப் பிள்ளைகள், சுற்றுலா வந்தவர்கள், ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்த ஜெரோம். தலைவர் பேசினார். "இந்த வாரியத்துக்கு எதிரா ஒரு புகார் கிடையாது. ஏன்னா, இப்படி ஒரு வாரியம் இருக்கறது யாருக்கும் தெரியாது. அவ்வளவு அமைதியா மக்கள் பணி செய்யறோம்!" என்று தொடங்கி, நேரம் போவது தெரியாமல் பேசினார். எங்களுக்குத் தெரிந்தது. ஜானகிராமன் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். பிரபாவதி அவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, ஜாக்கெட்டின் ஜிப்பை மட்டும் கழுத்து வரை ஏற்றிவிட்டார்.

பிறகு தலைவர் கயிற்றை இழுத்தார். துணி விழவில்லை. மூக்கில் மாட்டிக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தார். நீட்டிய மூக்கு நன்றாகவே செய்யப்பட்டிருந்தது. துரை ஏணி தேடி ஓடினார். அந்த இடைவெளியை நிரப்பத் தலைவர் என்னை மைக்கின் முன் நிறுத்தினார்.

கையிலிருந்த உரையை விரித்தேன். வியர்வை கண்ணில் இறங்கி எழுத்துகள் கரைந்தன. 'முனையில் நின்றபோது' என்று படிக்கப் பார்த்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. சான்று என் எதிரில், மேசை மேல், ஒரு தட்டில் இருந்தது. கூட்டம் காத்திருந்தது. நல்லவரான தலைவர் பக்கத்தில் குனிந்து, "என்னம்மா, எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

பனிக்குள் நின்றபோது எந்த இடத்திலிருந்து அது வந்ததோ, அதே இடத்திலிருந்து வந்தது. மைக்கும் நன்றாக வேலை செய்தது.

"பேஜாரா கீது சார்."

கூட்டம் சிரிப்பில் குலுங்கியது. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கொதிக்கும் மணலில் அவ்வளவு நேரம் நின்றிருந்தவர்கள், தங்களுக்குச் சொல்ல வேண்டியதை யாரோ சொல்லிவிட்ட சிரிப்பு. முதலில் கத்தியவன் ஜெரோம்தான். "ஆமா, பேஜாரா கீது!" பிறகு பள்ளிப் பிள்ளைகள், பெண்கள், சுண்டல் விற்கிறவர். கடற்கரை முழுக்க அதையே சொன்னது. நான் ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்துவிட்டேன். இனி சான்று இல்லை என்று தெரிந்தது. அது பெரிதாகப் படவில்லை. சொல்வதற்காகத்தான் போக நினைத்தேன். சொல்லியாயிற்று.

ஆனால் தலைவர் என் கையைப் பிடித்து உயர்த்தினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"கேட்டீங்களா!" என்று மைக்கில் முழங்கினார். "நேர்ல பார்த்த சாட்சி, உணர்ச்சி மேலீட்டால வேற எதுவும் பேச முடியாம, அந்த மாவீரனோட பேரை மட்டும் சொல்றாங்க! மக்களும் சொல்றாங்க! சொல்லுங்க, பி. ஜே. ராக்கீட்!"

"பேஜாரா கீது!" என்றது கூட்டம்.

"பி. ஜே. ராக்கீட்!"

"பேஜாரா கீது!"

ஏணியிலிருந்து துரை துணியை விடுவித்தார். நீண்ட மூக்குடன் பார்த்தசாரதி கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கீழே நின்றிருந்த பார்த்தசாரதி கைதட்டினார்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்த ஒரு நாள் மறுபடி ஆறாவது மாடிக்குக் கூப்பிட்டார்கள். குழு கிளம்பும் தேதி முடிவாகியிருந்தது. என் பெட்டி பாதி அடுக்கிய நிலையில் இருந்தது.

"உங்க சாட்சியம் வாரியத்துக்குப் பரம திருப்தி," என்றார் தலைவர். "அன்னிக்கு ஒண்ணு கவனிச்சோம். அந்தப் பேரை நீங்க சொல்ற மாதிரி எங்களால சொல்ல முடியல. உங்களுக்கு அது வாய்ல அப்படியே வருது. மூல உச்சரிப்பு! அதனால உங்களை வாரியத்தோட நிரந்தர உச்சரிப்பு அலுவலரா நியமிச்சிருக்கோம்."

"நான் அண்டார்டிகாவுக்குப் போக வேண்டும் சார். சான்று..."

"அதெப்படிம்மா? அங்க யார் வேணும்னாலும் போகலாம். அதை உச்சரிக்க ஒருத்தர்தான் இருக்கீங்க. அந்தப் பனில உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பேரோட கதி என்ன? உங்களை இந்த மாவட்டத்தை விட்டே வெளிய அனுப்பறதா இல்ல." பிரபாவதி என் அளவுக்கே தைத்த ஒரு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தார். நெஞ்சுப் பகுதியில் என் பெயர் பின்னப்பட்டிருந்தது. தலைவர் கனிவோடு முன்னால் சாய்ந்தார். "எப்படி இருக்கு உங்களுக்கு?"

ஜன்னலுக்கு வெளியே தெற்குத் திசை முழுவதும் மழையில் மறைந்திருந்தது. அந்தப் பாறை எங்கேயோ, யாரும் இல்லாமல், என் சொல்லை வைத்துக்கொண்டு நின்றது.

"பேஜாரா கீது சார்," என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது! அவ்வளவு பேர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தும் ஒரு மடிப்பு விழவில்லை.

"ஆஹா!" என்று தலைவர் எழுந்தார். "எல்லாரும் எழுந்திருங்க. தெற்கே திரும்புங்க. மேடம் சொல்ற மாதிரியே."

ஜாக்கெட்டுகள் உரசிக்கொள்ளும் சத்தத்துடன் வாரியம் கழிப்பறைக் கதவை நோக்கித் திரும்பி நின்றது. சொன்னார்கள். ஜானகிராமன் இகரத்தோடு சொன்னார். தலைவர் கடைசியில் உதட்டைக் குவித்து 'கீட்டு' என்று நீட்டினார்.

"கீட்டு இல்ல சார், கீது," என்று திருத்தினேன். "ரொம்ப மரியாதையா சொல்றீங்கோ. அப்டி வராது. காலைலேர்ந்து நின்னுகினு கீறீங்கோ, காலு வலிக்குது, எதுக்குன்னே தெரியல. அந்த மாரி நெனச்சிகினு சொல்லுங்கோ."

பிரபாவதி ஏ.சி.யைப் பார்த்தார். ஜானகிராமன் கழுத்து ஜிப்பைத் தடவினார். தலைவர் கண்ணை மூடி, கொஞ்ச நேரம், நிஜமாகவே நினைத்துப் பார்த்தார்.

பிறகு வாரியம் ஒரே குரலில் சொன்னது. இந்த முறை சரியாக இருந்தது.